ஊசிக்குப் பிறகு வந்த குளிர்

மெஷின்களைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பேசப் போவது எலிக்காய்ச்சல்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஷெட்டில் முழங்கால் தண்ணீர். பேனல் போர்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு நாள் வெறுங்காலோடு நடந்தேன். காலில் ஒரு சிராய்ப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீருக்கு அது போதும். பத்து நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பென்சிலின் போட்டார்கள்.

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர். ஜுரம் எகிறியது, பிரஷர் இறங்கியது. "மருந்து ஒத்துக்கல, நிறுத்துங்க! வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மச்சினன் சத்தம் போட, மனைவி அழ, ஒரே அமர்க்களம். டூட்டி டாக்டரம்மா சின்னப் பெண்தான், பதறவில்லை. தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, "அலர்ஜி மாதிரி தெரியல சார். கிருமி சாகுது, அதான்" என்றார்.

இதற்கு யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு என்று பெயர். 1895இல் ஆஸ்திரிய டாக்டர் யாரிஷும், 1902இல் ஜெர்மானியர் ஹெர்க்ஸ்ஹைமரும் சிபிலிஸ் நோயாளிகளிடம் கண்டது. அப்போது பென்சிலின் ஏது? பாதரசம்தான் மருந்து. சுருள் வடிவக் கிருமிகள் கூட்டமாக உடையும்போது அவற்றின் துண்டுகளைக் கண்டு உடம்பு கொதித்தெழுகிறது. அடைத்த பைப்பை ஃப்ளஷ் செய்தால் முதலில் வருவது சேறுதானே!

எல்லோருக்கும் வராது; வந்தாலும் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் பிரஷர் இறங்குகிற சமாசாரம். அலர்ஜியா, இதுவா என்று நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அன்றிரவு மச்சினன் பேச்சைக் கேட்டிருந்தால்? மருந்து பாதியில் நின்றிருக்கும். ஃபைலில் 'பென்சிலின் அலர்ஜி' என்று ஏறியிருக்கும். ஒரு நல்ல மருந்து ஆயுசுக்கும் போச்சு. தப்பான ரீடிங்கை லாக் புக்கில் எழுதின கதைதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. "குளிர் வரலாம்" என்று ஊசிக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோட்டாரைப் போட்டதும் ஆம்பியர் எகிறும், பயப்படாதே என்று புது ஆபரேட்டரிடம் நாம் சொல்வதில்லையா?

மறுநாள் காலையில் ஜுரம் இறங்கி, நானே இட்லி கேட்டேன். இப்போது எங்கள் ஷெட்டில் ஆளுக்கொரு ஜோடி கம்பூட் இருக்கிறது. மச்சினனும் ஒன்று வாங்கிப் போனான்.