பட்டினியில் பிறக்கும் ஜோடி

ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பச்சைப்பாசிகளில் ஒன்று கிளாமிடோமோனாஸ். ஒரே ஒரு செல். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். முன்னால் இரண்டு கசையிழைகள். அவற்றை வீசி நீந்தும்.

சத்து கிடைக்கும்வரை அதற்குத் துணை தேவையில்லை. தானே பிரிந்து பெருகிக்கொள்ளும். நைட்ரஜன் தீர்ந்ததும்தான் அது இனச்செல்லாக, அதாவது கேமீட்டாக மாறுகிறது. 1954-இல் ரூத் சாகரும் சாம் கிரானிக்கும் இதைச் சோதனையில் காட்டினார்கள். பட்டினி கிடக்கும் செல், புரதம் செய்யும் தன் ரைபோசோம்களில் பெரும்பகுதியை உடைத்து, அந்தச் சத்தைக் கொண்டே புதிய வேடம் கட்டுகிறது. வெளிச்சமும் வேண்டும். இதில் ஆண், பெண் என்ற பேச்சில்லை. நேர் வகை, எதிர் வகை என்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 'மிட்' என்ற மரபணு இருந்தால் எதிர், இல்லையென்றால் நேர்.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் ஆசையாகக் காட்டுவது இதற்கு அடுத்த கட்டத்தை. முதல் நாள் சாயங்காலம் இரு வகைகளையும் தனித்தனியே நைட்ரஜன் இல்லாத நீரில் விட்டு, விளக்கடியில் வைத்துவிடுவோம். மறுநாள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்துக் கலக்க வேண்டியதுதான்! அதுவரை தன்பாட்டில் நீந்தியவை சில நொடிகளில் வெல்லத்தை மொய்க்கும் எறும்புகளாகத் திரண்டுவிடும். கவனியுங்கள், முதலில் ஒட்டுவது உடல் அல்ல, கசையிழைகள். அந்தத் தொடுகையே செல்லுக்குள் செய்தியாகப் போகிறது, செல்சுவர் கரைகிறது, நேர் வகை ஒரு மெல்லிய குழலை நீட்டுகிறது, இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன. "மேடம், இதுக்கு நாலு இருக்கு!" என்று ஒரு மாணவி கத்தினாள். நான்கு கசையிழைகளோடு நீந்திய அந்தக் கருமுட்டையைப் பார்க்க வகுப்பே முண்டியடித்தது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கும் அந்த இடத்தில் மனசு துள்ளும்.

இன்னொன்று: கலக்கும் முன் கொஞ்சம் அம்மோனியம், அதாவது நைட்ரஜன் சத்து, சேர்த்தால் கேமீட்டுகள் பழையபடி சாதாரண செல்களாகிவிடும்!

நேரம் குறைவு. கருமுட்டை தடித்த சுவர் கட்டி உறங்கும்; நல்ல காலம் வந்ததும் குன்றல் பகுப்படைந்து நான்கு செல்களைத் தரும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடைபெற மாட்டேன். எதிர் வகை செல்லில் இணைப்பை நடத்தும் 'ஹாப்2' என்ற புரதம் மலேரியா ஒட்டுண்ணியிடமும் இருக்கிறது. கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியின் கேமீட்டுகள் இணைவதற்கும் அதுவே வேண்டும். அதைத் தடுத்தால் நோய் பரவுவதும் தடைப்படும். அப்படியொரு தடுப்பூசி சீக்கிரமே வர வேண்டும் என்பது என் ஆசை.