பளையகாட் எங்க இருக்கு தாத்தா?

இந்த வாரம் வெனிஸ் எபிசோடுன்னு போன தடவை சொல்லியிருந்தேன். வெனிஸ் வரும், ஆனா கொஞ்சம்தான் வரும். மீதி முழுக்க நம்ம திருவள்ளூர் மாவட்டம். ஏமாத்திட்டான்னு நினைக்காதீங்க, கேட்டுட்டு சொல்லுங்க.

போன வருஷம் ஆபீஸ் வேலையா மூணு மாசம் மியூனிக்ல இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு ரயில் ஏறி வெனிஸ் போனேன். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். சான்டா லூசியா ஸ்டேஷன் வாசல்ல இருந்து வெளிய வந்து படி இறங்கினா ரோடே கிடையாது, நேரா கிராண்ட் கனால்தான். போட்டோவுல நூறு தடவை பார்த்திருந்தாலும் அந்த முதல் நிமிஷம் மனுஷன் அப்படியே நின்னுடுவான். சான் மார்க்கோ, டோஜ் அரண்மனை, 1591ல் கட்டி முடிச்ச ரியால்டோ பாலம்னு லிஸ்ட்ல இருந்ததை எல்லாம் பார்த்தேன். நானூறு போட்டோ எடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் எங்க தாத்தாகிட்ட காட்டினேன். எங்க ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணி பக்கம். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசு. திண்ணையில உட்கார்ந்து பொறுமையா ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்தாரு. எல்லாம் பார்த்து முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "ஏண்டா, இவ்ளோ தண்ணிக்குள்ள ஊரு கட்டிக்கீறானே, மண்ணு வந்து தூர்ந்து போகாதா?"

சிரிச்சுட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா, வெனிஸ்காரங்க பல நூறு வருஷம் பயந்துக்கிட்டிருந்ததே அந்த விஷயத்துக்குத்தான். ஒரு காயலுக்கு ரெண்டு பக்கமும் ஆபத்து. கடல் உள்ள ஏறி வரலாம். இல்ல, ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டி, காயலே வயல்வெளியா மாறிடலாம். அதுக்காக 1501லயே தண்ணீர் விஷயத்தை மட்டும் பார்த்துக்க ஒரு தனி நிர்வாகம் வெச்சாங்க. பிரென்டா, சிலே, பியாவேன்னு காயல்ல வந்து விழுந்த ஆறுகளை வாய்க்கால் வெட்டி வேற பக்கம் திருப்பி விட்டாங்க. ஒரு நாள் வேலை இல்ல, தலைமுறை தலைமுறையா நடந்த வேலை. இப்போ பிரச்சனை மறுபக்கம், கடல் ஏறுது. 2020 அக்டோபர்ல இருந்து காயலோட மூணு வாய்லயும் 78 இரும்புக் கதவுகளை நிமிர்த்தி வெள்ளத்தைத் தடுக்கிறாங்க. அந்த அரண்மனை, பாலம் எல்லாம் இன்னைக்கு நிக்குதுன்னா அதுக்குப் பின்னாடி இந்த மண் அள்ளுற வேலை இருக்கு. நான் எடுத்த நானூறு போட்டோவுல அது ஒண்ணுல கூட இல்ல.

சரி, இப்போ வேற பக்கம் போறேன். எங்க டீம்ல மலேசியாக்காரர் ஒருத்தர் இருக்காரு. ஒரு நாள் கால்ல, யாரு வீட்ல இருந்து வேலை பார்க்கும்போது என்ன போட்டுக்கிறோம்னு வெட்டிப் பேச்சு. "எங்க அப்பா எப்பவும் பெலிக்காட்தான்"னாரு. கேமராவுல தூக்கிக் காட்டினாரு. கட்டம் போட்ட கைலி, அச்சு அசல் நம்ம ஊர் லுங்கி. மலாய்ல அதுக்குப் பேரே 'காயின் பெலிக்காட்'.

எனக்கு மண்டையில மணி அடிச்சது. ஏன்னா எங்க தாத்தா நெசவாளி. பொதட்டூர்பேட்டையில குழித்தறியில முப்பது வருஷம் லுங்கி நெய்தவரு. அந்த லுங்கிக்கு அவர் சொல்ற பேரு 'பளையகாட்'. சின்ன வயசுல இருந்து அந்த வார்த்தையைக் கேட்டுட்டே வளர்ந்திருக்கேன். அது ஏதோ கம்பெனி பேரு, இல்ல நூல் ரகத்தோட பேருன்னு நினைச்சிருந்தேன். அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணிக் கேட்டேன்: "தாத்தா, பளையகாட்னா என்ன?"

"பளையகாட்னா பளையகாட்தாண்டா. கட்டத்துக்குப் பேரு."

கட்டத்துக்குப் பேரு இல்ல. அது ஊருப் பேரு. பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாய்ல புலிகாட், பலியகட்டான்னு ஆகி, கப்பல் ஏறி, மலாய்ல பெலிக்காட் ஆகி, நம்ம தறிக்கே பளையகாட்னு திரும்பி வந்திருக்கு. அந்த ஊரும் திருவள்ளூர் மாவட்டம்தான். நாங்க மாவட்டத்தோட மேற்கு ஓரம், அது கிழக்கு ஓரம். முப்பது வருஷம் அந்தப் பேர்ல துணி நெய்த மனுஷன் அந்த ஊரைப் பார்த்ததே இல்ல. நானும் ஏழு மணி நேரம் ரயில்ல போய் வேற ஒரு காயலைப் பார்த்துட்டு வந்திருக்கேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கார் எடுத்தேன். திருத்தணி, திருவள்ளூர், பெரியபாளையம், பொன்னேரி, பழவேற்காடு. நூறு கிலோமீட்டருக்கு மேல வரும். தாத்தா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முன் சீட்ல. "லுங்கி ஊருக்கு லுங்கி கட்டிட்டு வரலாமே"ன்னேன். "போடா, முத தபா போறோம்"ன்னாரு.

பொன்னேரி தாண்டினதும் காத்து மாறும், உப்பு வாசனை வரும். பாலத்துக்குக் கிட்ட வந்ததும் ரெண்டு பக்கமும் தண்ணிதான். பழவேற்காடு ஏரி இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு ஓரம் நம்ம பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா கிடக்கிற மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. இதைச் சொன்னதும் தாத்தா, "இங்கயும் ஆந்திராவா?"ன்னு கேட்டாரு. அவர் சின்னப் பையனா இருந்தப்போ திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. 1960 ஏப்ரல் 1ல்தான் இந்தப் பக்கம் வந்தது. எல்லைன்னு யாராச்சும் பேச்செடுத்தா அவர் காது தானா நிமிரும்.

முதல்ல கோட்டை. கோட்டைன்னு சொல்றேன், நீங்க போய் சுவரைத் தேடாதீங்க. டச்சுக் கம்பெனி 1610ல் இங்க வியாபார நிலையம் வெச்சது. அனுமதி கொடுத்தது விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரோட அரசு. அவரோட தலைநகரங்கள் எங்க தெரியுமா? சந்திரகிரி, அப்புறம் வேலூர். ரெண்டும் எங்க ஊர்ல இருந்து பக்கம். 1612ல் சாந்தோம்ல இருந்த போர்ச்சுகீசியர்கள் வந்து அந்த நிலையத்தை அடிச்சு நொறுக்கினாங்க. அதனால 1613ல் டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க அவங்க வியாபாரத்துக்குத் தலைமையிடம் இதுதான். கடைசியா 1825ல் ஊர் பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு. அதுக்கு முன்னாடியே, 19ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல, கோட்டையை அவங்க இடிச்சுட்டாங்க. இப்போ நீங்க பார்க்கப் போறது ஒரு மேடு, சுத்தி அகழி, அது மேல சீமைக்கருவேல முள்ளு. அவ்ளோதான். ஒரு ஆடு மேலே நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

கல்லறைத் தோட்டம் அப்படி இல்ல. தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க. உள்ள எழுபதுக்கும் மேல கல்லறைகள், 17, 18ஆம் நூற்றாண்டு. பெரிய கருங்கல் பலகைகள், குடும்பச் சின்னம், கிரீடம், பூ வேலைப்பாடு, புடைச்சு நிக்கிற டச்சு எழுத்து. நிறைய கல்லுல ஆரம்பமே 'ஹியர் லெய்ட் பெக்ராவென்', அதாவது இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். போன் கேமராவை வெச்சு மொழிபெயர்க்கப் பார்த்தேன். பழைய எழுத்து அதுக்குப் புரியல, ஏதோ சமையல் குறிப்பு மாதிரி வந்துச்சு.

தாத்தா ஒரு கல்லு மேல விரலை ஓட்டிப் பார்த்தாரு. கை வேலைக்காரர் இல்லையா, வேலைப்பாட்டை விரலாலதான் பார்ப்பாரு. "இவனுங்க இங்க இன்னா வேலை பண்ணானுங்க?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். அவங்களுக்கு வேண்டியது ஜாதிக்காய், கிராம்பு. அது கிடைக்கிற இந்தோனேசியத் தீவுகள்ல வெள்ளிக்காசை விட நம்ம ஊர்த் துணிக்குத்தான் கிராக்கி. அதனால முதல்ல இங்க வந்து துணி வாங்கணும். அதைக் கொண்டுபோய் அங்க மசாலா வாங்கணும். துணி எல்லாம் இந்த ஊர்லயே நெய்ததில்ல, சுத்துப்பட்டு கிராமங்கள்ல தறி ஓடியிருக்கு. கம்பெனி உள்ளூர் வியாபாரிகிட்ட பணம் கொடுக்கும். வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பான். முன்பணம் வாங்கினவன் அவனுக்கு மட்டும்தான் நெய்யணும், வேற ஆளுக்கு விற்க முடியாது.

தாத்தா கையை எடுத்தாரு. "அப்பவும் முன்பணமா?"

அவர் வாழ்க்கையே அதுதான். முதலாளி பாவும் ஊடை நூலும் கொடுப்பாரு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு முன்பணம் கொடுப்பாரு. அதைக் கழிக்கிறதுக்குள்ள அடுத்த முன்பணம் வந்துடும். எங்க அப்பா காலேஜ் சேர்ந்ததும் ஒரு முன்பணத்துலதான். விசைத்தறி வந்தப்போ தாத்தா தறியை வித்து, அதுல கடைசி பாக்கியைக் கட்டினாரு. இந்தக் கதையை நான் தனித்தனித் துண்டாத்தான் கேட்டிருக்கேன். அன்னைக்குக் கல்லறை நிழல்ல உட்கார்ந்து முதல் தடவையா கோர்வையா சொன்னாரு. இதுக்கு மேல அதை மைக்ல சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால விடறேன்.

ஒண்ணு மட்டும் நானே சேர்த்துக்கிறேன், ஏன்னா டூரிஸ்ட் வீடியோ எதுலயும் இதைச் சொல்றதில்ல. இந்தத் துறைமுகத்துல இருந்து போனது துணி மட்டும் இல்ல. 17ஆம் நூற்றாண்டுல பஞ்சமும் போரும் வந்தப்போ ஆயிரக்கணக்கான நம்ம ஆளுங்களை அடிமையா வாங்கி பத்தாவியாவுக்கு, இன்னைக்கு ஜகார்த்தா, இங்க இருந்துதான் கப்பல் ஏத்தினாங்க. அதை நடத்தின கம்பெனி அதிகாரிகளுக்குக் குடும்பச் சின்னத்தோட கல்லு இருக்கு. ஏறிப் போனவங்களுக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு கல்லு கிடையாது. தாத்தாகிட்ட இதைச் சொன்னப்போ அவர் எதுவும் பேசல. வெளிய வரும்போது வாசல்ல இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, "இதுக்குத்தான் ஜாதி, கலர் ஒண்ணும் இல்ல"ன்னாரு.

ஊருக்குள்ள இன்னும் இருக்கு. சூரியக் கடிகாரம் இருக்கிற பள்ளிவாசல் இருக்கு. விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில்ல ராமாயணக் காட்சிகளை விரல் அளவுக்கு செதுக்கி வெச்சிருக்காங்க, கிட்டப் போய் குனிஞ்சு பார்க்கணும். மகிமை மாதா கோயில் 1515ல் தொடங்கினதுன்னு சொல்வாங்க. நடந்தா ஒரு மணி நேரத்துல மூணு மதத்து ஆளுங்க கட்டினதைப் பார்த்துடலாம். வெனிஸ்ல 2024ல ஒரு நாள் டிக்கெட்டே வெச்சாங்க, கூட்டம் வர நாட்கள்ல ஊருக்குள்ள நுழையவே அப்போ அஞ்சு யூரோ. இங்க எங்களைத் தவிர ரெண்டே பேரு, அவங்களும் பைக் ரீல்ஸ் எடுக்க வந்தவங்க.

கடைசியா ஏரிக்கரை. டூரிஸ்ட் படகு எதிர்பார்க்காதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க, அதுக்கப்புறம் உல்லாசப் படகுக்கு அனுமதி இல்ல. யாராச்சும் ரகசியமா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா ஏறாதீங்க, ப்ளீஸ்.

கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்தோம். இங்க இறால் பிடிக்க 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. எந்த இடத்துல எந்த நாள் யாரு வலை கட்டணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க, நல்ல இடம் எல்லாருக்கும் சுத்தி வரும். கேட்டப்போ எனக்கு ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங் ஞாபகம் வந்துச்சு. அதே அல்காரிதம்தான், பல தலைமுறையா சர்வர் இல்லாம ஓடுது. ஆனா அவர் கவலை வேற. முகத்துவாரம். ஏரி கடல்ல சேர்ற வாய். அது மணல் மூடி அடைச்சுக்கும், வெயில் காலத்துல படகைத் தள்ளிக்கிட்டுப் போகணும். ஒரு பக்கம் ஆரணி ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுது, இன்னொரு பக்கம் கடல் மணலைத் தள்ளுது. வாய் அடைச்சா கடல் தண்ணி உள்ள வராது, இறால் குஞ்சு வராது. தூர் வாருவாங்க, மறுபடி மூடும். நிரந்தரமா திறந்திருக்க ரெண்டு பக்கமும் கல் சுவர் போடணும்னு வருஷக்கணக்கா கேட்டு, அரசாங்கமும் வேலையைக் கையில எடுத்திருக்கு.

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. "நான் கேட்டேனே, அந்த ஊர்க்காரன் இன்னா பண்ணான்னு சொல்லு இவருக்கு."

சொன்னேன். ஆத்தையே திருப்பி விட்டாங்கன்னு. அந்த அண்ணன் வலையை விடாமலே கேட்டுக்கிட்டு, "எத்தனை வருஷம் ஆச்சாம்?"ன்னாரு. "நூறு இருநூறு வருஷம்ணா." "அதுவரைக்கும் இறால் எங்க போச்சாம் அவங்களுக்கு?"ன்னாரு. எனக்குப் பதில் தெரியல.

போறவங்களுக்கு: காலையிலயே போயிடுங்க, நிழல் கிடையாது. டிசம்பர், ஜனவரியில போனா பூநாரை பார்க்கலாம். கல்லறைக் கல்லு மேல ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க.

திரும்பி வரும்போது தாத்தா போட்டோ ஒண்ணை மலேசிய நண்பருக்கு அனுப்பினேன், இவர்தான் உங்க அப்பா கட்டியிருக்கிறதை நெய்தவர் மாதிரி ஒருத்தர்னு எழுதி. பத்து நிமிஷத்துல அவங்க அப்பா சோபாவுல லுங்கியோட உட்கார்ந்திருக்கிற போட்டோ வந்துச்சு. பெரியபாளையத்துல டீக்கு நிறுத்தினப்போ தாத்தாகிட்ட காட்டினேன். ரெண்டு விரலால பெருசாக்கி, பெருசாக்கி, கட்டத்தை எண்ணினாரு. முகத்தைப் பார்க்கவே இல்ல.

"பளையகாட்தான்"னாரு. "ஆனா மிஷின்ல ஓட்டினது."