கல்லாவில் நிற்பவர்

மாணவ மாணவியரே,

என் ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் உள்ளது. மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டில் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் ஊர்ச் சிற்பக்கூடம் ஒன்றினுள் நுழைந்தால், சிற்பி தரையில் அமர்ந்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு, மரத்துண்டிலிருந்து தெய்வ வடிவத்தை வெளிக்கொணர்வதைக் காணலாம். அவர் அமர்ந்தே வேலை செய்கிறார். அதைக் கண்டு, 'இவர் சோம்பேறி' என்று எவரும் சொன்னதில்லை. வேலையின் சிறப்பு கையிலும் கண்ணிலும் கருத்திலும் இருக்கிறதேயன்றிக் காலில் இல்லை என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இன்று நான் பேச வந்தது சிற்பிகளைப் பற்றியன்று. பேரங்காடியில், சூப்பர் மார்க்கெட் என்று நாம் வழங்கும் கடையில், கல்லாவில் பணம் வாங்கும் காசாளரைப் பற்றி. அவரிடம் நாம் எதிர்பார்க்கும் பணிவையும் பொறுப்பையும் பற்றி. அவற்றை எதிர்பார்க்கும் நாம் அவருக்கு என்ன தருகிறோம் என்பதைப் பற்றி.

பழைய மளிகைக்கடையை எண்ணிப் பாருங்கள். பட்டியலை நீட்டினால் ஒருவர் படிப்பார், ஒருவர் நிறுப்பார், ஒருவர் பொட்டலம் கட்டுவார். முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னே அமர்ந்து கணக்குப் போடுவார்; 'அம்மாவுக்கு உடம்பு தேவலையா?' என்று ஒரு வார்த்தையும் கேட்பார். 1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் வேறு வகையான கடை ஒன்றைத் திறந்தார. வாங்க வருபவரே கூடையை ஏந்தி, அலமாரிகளுக்கிடையே நடந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளியேறும் வழியில் பணம் கொடுத்துச் செல்லலாம். அம்முறை உலகெங்கும் பரவி, எங்கள் பெரம்பலூருக்கும் வந்துவிட்டது. விளைவு என்ன? முன்பு நால்வர் பகிர்ந்துகொண்ட இன்சொல்லும் விசாரிப்பும் இன்று ஒருவர் பொறுப்பாகிவிட்டன. அந்தப் பெரிய கடைக்கெல்லாம் முகமாக இருப்பவர் காசாளர் ஒருவரே.

அவர் முன்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. அதன் முன்னோடியான பணப்பதிவு இயந்திரத்தின் பிறப்பு வேடிக்கையானது. ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், தம் பணியாட்கள் காசை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஐயுற்று, 1879ஆம் ஆண்டில் அதை உருவாக்கினார். ஆம், அவநம்பிக்கையில் பிறந்த கருவி அது. திருட்டை அது தடுக்கலாம். நேர்மையை அதனால் உண்டாக்க இயலாது. நேர்மை எங்கே இருக்கிறது என்பதை ஓர் இளம்பெண்ணிடம் நான் கற்றுக்கொண்டேன்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பெரம்பலூரில் ஒரு பேரங்காடிக்குச் சென்றிருந்தேன். மாலை நேரம்; நீண்ட வரிசை. ஊருக்குப் பேருந்து போய்விடுமோ என்ற பதற்றம் எனக்கு. கல்லாவில் நின்ற பெண்ணுக்கு உங்களில் மூத்தவர்களின் வயதுதான் இருக்கும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். என் முறை வந்தபோது பில் இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டது. அவள் புதிய சுருளை மாட்டுவதற்குள், "இத்தனை மெதுவாக வேலை செய்தால் எப்படி அம்மா? சம்பளம் வாங்கவில்லையா?" என்று பலர் கேட்க அதட்டினேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. "மன்னியுங்கள் ஐயா" என்று மட்டும் சொல்லி, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

பேருந்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். புதிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இருநூறு ரூபாய் மிகுதியாக வந்திருந்தது.

மறுநாள் காலையிலேயே சென்று தாளை நீட்டினேன். "நேற்று இரவு கணக்கு முடித்தபோதே குறைவது தெரிந்தது ஐயா. என் கைப்பணத்தை வைத்துச் சரிசெய்துவிட்டேன்" என்றாள். உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாளா? இல்லை. மேற்பார்வையாளரை அழைத்து, அவர் எதிரில் கணக்குப் புத்தகத்தில் எழுதிய பிறகே எடுத்துக்கொண்டாள். எனக்கு நாணமாக இருந்தது. "உட்கார நாற்காலி இல்லையா அம்மா?" என்று கேட்டேன். "இருக்கிறது ஐயா. உட்கார்ந்தால் பார்ப்பவர்களுக்கு மரியாதையாகத் தோன்றாது என்கிறார்கள்" என்றாள். குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகள் அமர்ந்திருந்தன.

அன்பர்களே, அந்த இருநூறு ரூபாய்ப் பிழை யாருடையது? அவள் கை செய்த பிழைதான். ஆனால் பல மணி நேரம் நின்ற கால்களுக்கும், நான் வீசிய சுடுசொல்லுக்கும் அதில் பங்கில்லையா? அட்டைப்பெட்டிக்கு இருக்கையும் மனிதருக்கு நிலையும் என்பது எந்த ஊர் மரியாதை? முதலாளியே கல்லாவில் இருந்த காலத்தில் அவர் அமர்ந்துதானே இருந்தார்! அவர் நம்மை மதிக்கவில்லை என்று நாம் எண்ணினோமா?

இவ்வுண்மையைச் சட்டங்கள் மெல்ல மெல்ல ஏற்றன. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே, கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் குரல் எழுப்பியதன் பயனாக, 2018ஆம் ஆண்டில் அவ்வுரிமை கிடைத்தது. தமிழ்நாட்டிலோ, கடைகள் மற்றும் நிறுவனங்கள் பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டம் 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம். வேலை நேரம் முழுவதும் காலில் நிற்கவைத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. சட்டம் நாற்காலியைக் கொண்டுவந்து போடும். அதில் அமர்பவரைச் சோம்பேறி என்று நினைக்கும் நம் மனத்தை நாம்தான் மாற்றவேண்டும்.

உங்களுள் சிலர் விடுமுறையிலோ, படிப்பு முடிந்த பின்போ கல்லாவுக்கு அப்பால் நிற்க நேரலாம். அவர்களுக்குச் சொல்வேன்: பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பத்து ரூபாய் நாணயங்களைக் குவித்தாலும், செல்வர் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தினாலும், முகம் ஒன்றாக இருக்கட்டும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரவேண்டா. பிழை நேர்ந்தால் மறைக்கவேண்டா, சொல்லித் திருத்துங்கள்.

கல்லாவுக்கு இப்பால் நிற்போர்க்கும் கடமை உண்டு. பணம் கொடுக்கும்போது கைப்பேசியில் பேசிக்கொண்டிராமல் எதிரில் இருப்பவரைப் பாருங்கள். பொருளை எடுத்து வைத்துவிட்டு வரிசையை நிறுத்திவைத்து விலையைப் பற்றி வாதிடவேண்டா. விலையை நிறுவியவர் அவர் அல்லர். மீதியை அங்கேயே எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மெல்லச் சொல்லுங்கள், மிகுந்தால் உடனே திருப்புங்கள். நான் பேருந்தில் எண்ணியதைக் கடையிலேயே எண்ணியிருந்தால், ஒரு பெண் அன்றிரவு தன் கைப்பணத்தை இழந்து வீடு சென்றிருக்கமாட்டாள்.

பணிவு என்பது ஒருவர் செலுத்த மற்றவர் பெற்றுக்கொள்ளும் கட்டணமன்று. மேசையின் இரு புறத்திலிருந்தும் அது வரவேண்டும். அடுத்த முறை நீங்கள் கடைக்குச் செல்லும்போது, காசாளர் அமர்ந்திருக்கக் கண்டால், எங்கள் அரும்பாவூர்ச் சிற்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நின்றுகொண்டிருந்தால், "உட்கார்ந்தே போடுங்கள், அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லத் தவறிய வார்த்தை அது.