வக்கீலிடம் கணக்குக் கேட்டல்

(நம் சங்கத்தின் திண்டிவனம் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



மரணசாஸனம் என்னும் உயில் பற்றிய வழக்கில், தம் வக்கீல்மீதே ஐயம் எழுந்தால் கட்சிக்காரர் செய்யத்தக்கது யாது என்பதைப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். விழுப்புரத்திலிருந்தும் இவ்வூரிலிருந்தும் நம் குடும்பத்தார் பலர் இதனை எம்மிடம் வினவியிருக்கின்றனர்.

முதலில் ஒன்றை ஒளியாது கூறுவோம். நம்மவர் என்று கருதியே நாம் பெரும்பாலும் வக்கீலை அமர்த்துகின்றோம். நம்மவராதலின் ரசீது கேட்பதில்லை. வழக்கு எண் கேட்பதில்லை. மூலப் பத்திரங்களை நகல்கூட வைத்துக்கொள்ளாமல் ஒப்படைத்துவிடுகின்றோம். பின்னர் ஐயம் தோன்றியவுடன் வீதியில் நின்று தூற்றுகின்றோம். கேட்க வேண்டிய காலத்திற் கேளாமையும், அறியுமுன் பழித்தலும் ஆகிய இரண்டும் பிழையே.

யாம் கண்ட இரண்டு செய்திகளைக் கேளுங்கள். விழுப்புரத்தை அடுத்த ஊரில், கணவனை இழந்த சகோதரி ஒருவர். மாமனார் எழுதியதென்று மைத்துனர் ஓர் உயிலைக் காட்டவே, பாகம் கோரி வழக்குத் தொடுத்தார். ஈராண்டாகியும் அது நகரவில்லை. வக்கீல் எதிர்க்கட்சியோடு சேர்ந்துவிட்டார் என்றே அவர் நம்பினார். யாம் உடன் சென்று வழக்குப் பதிவைப் பார்த்தோம். வெளியூர் வாரிசு ஒருவருக்குச் சம்மன் சாராமையே காரணம். வக்கீல் மீது குற்றமில்லை.

மற்றொரு குடும்பம் திண்டிவனத்தது. “நடக்கிறது, நடக்கிறது” என்ற விடையே மூன்றாண்டு கிடைத்தது. பதிவைப் பார்த்தபோதோ, எக்ஸ்பார்ட்டி எனப்படும் ஒருதலைத் தீர்ப்பாகிப் பல மாதங்கள் கழிந்திருந்தன. இரு வீட்டாரும் ஒரே சொற்களால் ஐயத்தை உரைத்தனர். உண்மையைப் பிரித்துக் காட்டியது பதிவேடே.

ஆதலின் முதற் கடமை, நேரிற் காண்டல். இந்நாளில் ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கொண்ட அடையாளக் குறி உண்டு. அதனைக் கொண்டு வாய்தா நாளைக் கைபேசியிலேயே அறியலாம். ஐயம் மிகுந்தால் நீதிமன்றத்திற் சான்றிட்ட நகல் பெறுக. சென்னையில் வக்கீல் ஒருவர், முதியோர் தந்த கடன் பத்திரங்களுக்கு வழக்கே தாக்கல் செய்யாமல், செய்ததாக நம்பவைத்தார். ரங்கதுரை வழக்கு என்பது அதன் பெயர். ஓராண்டுத் தொழில்விலக்கிற்கு உள்ளான அவரை, 2,500 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவும், ஏழைகட்கு இலவசச் சட்ட உதவி புரியவும் 1978-ல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

இரண்டாவது, பத்திரங்களை மீட்டல். பீஸ் பாக்கியென்று கூறிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பெங்களூரில், தம் வசம் ஒப்புவித்த உயிலைப் பன்முறை கடிதம் எழுதிக் கேட்டும் திருப்பித் தராத வக்கீலின் செயல் தொழில் முறைகேடே என்பது ஜான் டிசூசா வழக்கின் முடிவு. எழுத்தால் கேளுங்கள், விரைவஞ்சலில் அனுப்புங்கள், நகலைப் பேணுங்கள்.

மூன்றாவது, வழக்கைக் காத்தல். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாளே தவணை. கடந்தால் தாமதத்தை மன்னிக்க மனுச் செய்தல் வேண்டும். தம் கடமையைச் செய்த கட்சிக்காரர் வக்கீலின் தவற்றால் வருந்தலாகாது என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் கூறியதுண்டு. ஆயினும் உறங்கிக் கிடந்தவர்க்கு அஃது எப்போதும் உதவாது. ஆகவே புது வக்கீலுக்கு உடனே வக்காலத்துக் கொடுங்கள். வக்கீல் வைக்க வகையற்ற பெண்டிர், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச உதவி பெறலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுக.

நான்காவதே புகார். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதுக. கண்டித்தலும், சிலகாலம் விலக்குதலும், பட்டியலினின்றே நீக்குதலும் அதன் அதிகாரம். அதன் முடிவின்மேல் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் உண்டு. நுகர்வோர் மன்றம் செல்லலாமென்று சிலர் கூறுவர்; 2024-ல் உச்ச நீதிமன்றம் அவ்வழியை அடைத்துவிட்டது. வழக்கிற் தோற்றமை மட்டும் முறைகேடாகாது என்பதையும் மறவாதீர். புகார் வக்கீலைத் தண்டிக்கும். நிலத்தை மீட்டுத் தராது. புகாரில் மூழ்கித் தவணையைத் தவறவிட்டோர் இரண்டையும் இழப்பர்.

நிற்க. நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். முறைகேட்டுப் புகார் வந்தால், “நம் பிள்ளை, பெயர் கெடும்” என்று பஞ்சாயத்தில் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடை உண்டு. அவ்வாறு காக்கப்படுவது ஒருவர் பெயர். இழக்கப்படுவதோ ஒரு விதவையின் நிலம். நேர்மையான வக்கீல் கணக்குக் கேட்பதை வெறுக்கமாட்டார். அஃது அவர்க்கும் அரணாகும்.

திண்டிவனத்துக் குடும்பம் புது வக்கீலைக் கொண்டு மனுச் செய்தது. தீர்ப்பு நீக்கப்பட்டது; வழக்கு மீண்டும் விசாரணையில் இருக்கின்றது. முடிவு யாதாகுமோ அறியோம். ஆனால் அவ்வீட்டுப் பெண் இப்போது ஒவ்வொரு வாய்தாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறித்து வருகின்றாள். அத்தகைய புத்தகம் நம் ஒவ்வோரில்லத்திலும் இருத்தல் வேண்டுமென்று வேண்டி அமைகின்றோம்.