நண்பர் விட்டுச் சென்ற வேலை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு இதே மேடையில் அறிவியல் பரிசு பெற்றவர்களின் பெயர்களை வாசித்தவர் என் நண்பர், நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். இன்று அவர் நம்மிடையே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அவரை நினைத்தால் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இரவுதான் என் கண்முன் வருகிறது. இந்தியாவின் சந்திரயான்-3 நிலவில் இறங்குவதைப் பார்க்க, பிள்ளைகளையும் பெற்றோரையும் இந்த மண்டபத்துக்கு வரச் சொன்னார். நம் நேரப்படி இரவு எட்டரை மணி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களும் வந்து உட்கார்ந்திருந்தீர்கள். 'விக்ரம்' என்னும் கலம் நிலவைத் தொட்டதும் ஒரு பையன் எழுந்து, "விக்ரம்னா யாரு சார்?" என்று கேட்டான். அன்று நண்பர் சொன்ன பதிலை இன்று நான் சொல்கிறேன். அது நண்பனைத் திடீரென்று இழந்த ஒரு விஞ்ஞானியின் கதை.

இரண்டாம் உலகப் போர்க் காலம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், திருச்சியில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இருந்தார். அங்கே இரண்டு இளைஞர்கள் பழகினார்கள். ஒருவர் பம்பாய்க்காரர் ஹோமி பாபா. மற்றவர் அவரைவிடப் பத்து வயது இளையவர், அகமதாபாத்தைச் சேர்ந்த விக்ரம் சாராபாய். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வதில் இருவருக்குமே ஆர்வம். பின்னாளில் பாபா இந்தியாவின் அணுசக்தித் துறையை உருவாக்கினார். சாராபாய் விண்வெளி ஆராய்ச்சி வேண்டுமென்றபோது அதற்குத் துணை நின்றவரும் பாபாதான். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்னும் மீனவர் கிராமத்தில் ஒரு மாதா கோயில்தான் அலுவலகம். ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

1966 ஜனவரி 24ஆம் நாள், பாபா போன விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதியது. 117 பேரும் மாண்டார்கள். பாபாவுக்கு வயது 56.

சாராபாய் என்ன செய்தார்? அழுதிருப்பார், அவரும் மனிதர்தானே! ஆனால் அந்த ஆண்டிலேயே நண்பர் விட்டுச் சென்ற அணுசக்திப் பொறுப்பையும் தோளில் ஏற்றுக்கொண்டார். விண்வெளி வேலையையும் விடவில்லை. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, விஞ்ஞானம் குடிசைக்கும் பயன்பட வேண்டும் என்று விளக்கினார். செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டத் திட்டமிட்டு, 1969இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்தார்.

1971 டிசம்பர் 30ஆம் நாள், டில்லியிலிருந்த அப்துல் கலாமோடு தொலைபேசியில் பேசினார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. கலாம் போய் இறங்கியபோது காத்திருந்தது மரணச் செய்திதான். கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில் சாராபாய் உயிர் பிரிந்திருந்தது. வயது 52.

அவர் திட்டமிட்ட தொலைக்காட்சிப் பாடம் 1975இல் சுமார் 2,400 கிராமங்களில் ஓடியது. பார்க்க அவர் இல்லை. ராமேஸ்வரத்துப் பிள்ளை கலாம் பொறுப்பேற்ற ராக்கெட், 1979இல் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் வென்றது. அதையும் அவர் பார்க்கவில்லை. அந்தக் கலாமும் 2015 ஜூலை 27இல், ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். சந்திரயான்-3 திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன் வீரமுத்துவேல். நிலவில் இறங்கிய கலத்துக்கு விக்ரம் சாராபாயின் பெயர். ஒருவர் கையிலிருந்து விழுந்ததை அடுத்தவர் எடுத்திருக்கிறார்.

பாட்டாளித் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதல்ல. வெட்டியவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனால், பக்கத்து நிரைக்காரர் அவர் மரங்களின் பாலையும் எடுத்து வாளியில் ஊற்றுவார். மங்கில் இறங்கிய பாலை அப்படியே விட்டால் கட்டிப் போகும் அல்லவா?

என் நண்பரும் ஒரு வேலையைப் பாதியில் விட்டுச் சென்றார். பள்ளித் திடலில் மழைமானி வைத்து, தினமும் பெய்த மழையைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுத வைத்தார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்று அறிந்த தோட்டத்தில், மழைக் கணக்கு வேண்டாமா என்பார். அவர் இறந்தபின் அந்த நோட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் திறந்தேன். மூன்று நாட்கள்தான் விடுபட்டிருந்தன. மற்ற நாட்களெல்லாம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கையெழுத்தில் இருந்தன. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேட்டால், "சார் வந்து கேப்பாருன்னு தோணுச்சு சார்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பெரியவனான நான் துக்கம் காத்தேன். அந்தப் பிள்ளை வேலையைக் காத்தது.

நான் விஞ்ஞானி அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரண ஆசிரியன். நண்பரைப்போல் எனக்குச் சொல்லித் தர வராது. ஆனாலும் அவர் நடத்திய சனிக்கிழமை அறிவியல் வகுப்பை வரும் வாரமே தொடங்குகிறேன். தெரியாததைப் படித்துக்கொண்டு வந்து சொல்லுகிறேன். பெற்றோர்களே, "வாத்தியாரே போயிட்டாரு, இனி என்ன வகுப்பு" என்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். காலை எட்டு மணிக்கு அனுப்பி வையுங்கள். அதுவே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.