சிக்கன் டோக்கனும் கிரிப்டோ நாணயமும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்நாள் மாணவத் தம்பி தங்கைகளே! கடைசி வரிசை எங்கள் பரம்பரைச் சொத்து. பத்திரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

"தம்பி, நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று செயலாளர் அண்ணன் ஒரு யோசனையை என்னிடம் ஒப்படைத்தார். நூலகத்துக்கு வந்தால், மரம் நட்டால், ஜூனியருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், மாணவருக்கு நம் கல்லூரியின் பெயரில் ஒரு கிரிப்டோ நாணயம். கேன்டீனிலும் ஜெராக்ஸ் கடையிலும் செலவழிக்கலாம். வேண்டுமானால் வெளியே விற்கலாம். பணம் முன்னாள் மாணவர்களான நாம் போடுவது. மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

இது முன்பே ஓரிடத்தில் நடந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து, முன்னாள் மாணவர்கள் உள்ளிட்டோரிடம் ஐந்து லட்சம் டாலர் திரட்டினார்கள். இளநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் 100 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தருவதாக அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கிக் கொண்டார்கள். என்ன ஆயிற்று? முதல் இரண்டே வாரத்தில் பத்தில் ஒருவர் அதைக் காசாக்கி விட்டார். சுஷி வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. 2017 வரை பார்த்ததில் நான்கில் ஒருவர் விற்றுவிட்டிருந்தார். அந்த 2017 முடிவில்தான் பிட்காயின் விலை ஏறக்குறைய 20,000 டாலரைத் தொட்டது!

இன்னொரு விஷயம். அதே மாணவர்களிடம் நண்பர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டார்கள். தந்தால் பீட்சா என்றார்கள். அந்தரங்கம் முக்கியம் என்று சொன்னவர்கள்கூடப் பீட்சாவுக்காகத் தந்துவிட்டார்கள். சிரிக்கிறீர்கள். நாமும் தந்திருப்போம், சார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிக்கன் டோக்கன் ஞாபகம் இருக்கா? என் நண்பன் ஒருவன் வாராவாரம் அவன் டோக்கனை விற்பான். வாங்கியது நான். பாதி விலைக்கு. "எனக்கு சிக்கன் ஒத்துக்காதுடா" என்பான். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டு பங்கு சாப்பிட்டேன். பரீட்சைக் கட்டணத்துக்காக அவன் சேர்த்த காசு அது என்று நான்காம் வருடத்தில்தான் தெரிந்தது.

விற்கக்கூடிய எந்த டோக்கனும் இப்படித்தான். வசதி உள்ளவன் சேர்த்து வைப்பான். முடையில் இருப்பவன் முதல் வாரமே கிடைத்த விலைக்குத் தள்ளுவான். நாம் தரும் நூறு ரூபாய், யாருக்கு அவசரமோ அவன் கையில் அறுபது ரூபாயாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, தொழில்நுட்பம். பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் பின்னால் வரும் எல்லாப் பக்கமும் பொருந்தாமல் போகும். அதன் நகல் பல பேரிடம் இருக்கும். ஒருவரை ஒருவர் நம்பாத, முகம் தெரியாத ஆட்களுக்கு இது அருமையான ஏற்பாடு. நமக்கோ கேன்டீனும் ஒன்று, அலுவலகமும் ஒன்று. சாதாரண டேட்டாபேஸ் போதும். மாணவன் எத்தனை மணிக்கு டீ குடித்தான் என்பதை அழிக்கவே முடியாத புத்தகத்தில் எழுதுவானேன்?

சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். ஆனால் பொருளோ சேவையோ தள்ளுபடியோ வாங்க மட்டும் பயன்படும் ரிவார்டு பாயின்ட்டுகளுக்கு 2022 ஜூனில் வந்த அறிவிக்கை விலக்கு அளித்தது. காசுக்கு விற்கலாம் என்று கதவைத் திறந்தால், அந்த விலக்கு நமக்கு நிற்காது.

எதற்கு வெகுமதி என்பதிலும் கவனம் வேண்டும். ரத்த தானத்துக்கு நாணயம் தரலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பின்படி, 1998 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்த நாட்டில் தடை. தானத்துக்கு விலை போட்டால் அது தானம் இல்லை. நூலக வருகைக்குப் புள்ளி கொடுத்தால் கார்டைத் தேய்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். (கடைசி வரிசை கைதட்டுகிறது!) ஜூனியருக்குச் சொல்லிக் கொடுப்பதற்குத் தரலாம்; அதற்குச் சாட்சி சொல்ல ஜூனியர் இருக்கிறான்.

ஆகவே என் சிபாரிசு இது. நாணயம் வேண்டாம்; புள்ளி போதும். ஒரு புள்ளி ஒரு ரூபாய், என்றும் அதே மதிப்பு. கொடுக்கும் புள்ளிக்கு ஈடான தொகை முதலிலேயே வங்கியில் இருக்க வேண்டும். கைமாற்ற முடியாது. மொத்த வரவு செலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்; யார் என்ன வாங்கினார் என்பது வெளியே தெரியக்கூடாது.

பாதிப் பணம் இதற்குப் போதும். மறுபாதி?

அந்த நண்பன் இதே அரங்கில்தான் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். போன வாரம் போனில் கேட்டேன்: "டேய், அந்த டோக்கனை விக்கவே முடியாதுன்னு இருந்திருந்தா உனக்கு நல்லதா இருந்திருக்குமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "சிக்கன் தின்னுருப்பேன். ஆனா ஃபீஸ் கட்டியிருக்க மாட்டேன். யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம்டா."

அவன் சொன்னது சரி. விற்பதைத் தடுத்தால் மட்டும் போதாது. மறுபாதியை அவசரக் கட்டண நிதியாக வைப்போம். காரணத்தை நாலு பேர் முன்னால் சொல்ல வைக்காமல், ஒரு பேராசிரியரின் கையெழுத்தோடு அன்றே கிடைக்கட்டும். என் பங்காக முதல் காசோலையைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வருடத்துச் சிக்கன் பாக்கி, வட்டியோடு.