தமிழ்ப் பக்கத்தில் பழைய விதி



உங்க போன்ல ஒரு சேவைச் செயலியைத் தமிழில் வெச்சிருக்கீங்க. எல்லாம் தமிழில் வருது, நடுவுல ஒரு பட்டன் மட்டும் ஆங்கிலத்துல நிக்குது. "இதைக்கூட மொழிபெயர்க்கலையா?"ன்னு கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் அதைவிட மோசமான பிழை ஒன்று இருக்கிறது. அது கண்ணில் படவே படாது.

ஆண்ட்ராய்டு செயலிகளில் திரையில் வரும் வாக்கியங்களைத் தனிக் கோப்பில் வைப்பார்கள். மூலக் கோப்பு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழுக்கு ஒரு கோப்பு, இந்திக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. செயலி தமிழில் இருந்தால் அந்தப் பெயரைத் தமிழ்க் கோப்பில் தேடும். அங்கே இல்லையென்றால் மூலக் கோப்பில் இருப்பதைக் காட்டிவிடும். அந்த ஆங்கிலப் பட்டன் வந்தது இப்படித்தான். பார்க்க நல்லா இருக்காது, ஆனா தப்பான தகவல் சொல்லாது.

தப்பான தகவல் சொல்வது பழைய மொழிபெயர்ப்பு. நான் மொழிக் கோப்புகளைக் கவனித்துவந்த ஒரு செயலியில் இது நடந்தது. "6 மாதத்துக்குள் வாங்கிய சான்று" என்றிருந்த விதி 3 மாதமாக மாறியது. ஆங்கில வரியை அன்றைக்கே திருத்திவிட்டோம். அடையாளப் பெயர் மாறவில்லை. தமிழ்க் கோப்பில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு வரி இருக்கு, அதனால கணினி ஒரு எச்சரிக்கையும் தரல. தமிழில் படித்த ஓர் அம்மா 5 மாதத்துக்கு முன் வாங்கிய சான்றை ஏற்றினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. போன் பண்ணி, "நீங்க போட்டதைப் படிச்சுத்தானே தம்பி செஞ்சேன்?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. பயர்பாக்ஸ் உருவாக்கும் மொசில்லாவில், ஒரு வரியின் பொருள் மாறினால் அடையாளப் பெயரையும் மாற்றுவது வழக்கம். பழைய மொழிபெயர்ப்பு தானாகக் கழன்றுவிடும். கெட்டெக்ஸ்ட் என்ற கருவியில், மூல வரி கொஞ்சம் மாறினால் பழைய மொழிபெயர்ப்புக்குச் சந்தேகக் குறி விழும். யாராவது பார்த்துச் சரிசெய்யும்வரை பொதுவாக அது திரைக்கு வராது.

இரண்டிலும் அதுவரை தெரியப்போவது ஆங்கிலம்தான். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அதனால் என் கட்சி இது: விதி சார்ந்த வரி என்றால் தமிழும் ஆங்கிலமும் ஒரே நாளில்தான் வெளிவர வேண்டும். இன்னொன்று, எண்ணை வாக்கியத்துக்குள் எழுதக் கூடாது. 3 என்பதை ஒரே இடத்தில் வைத்து, இரண்டு மொழி வாக்கியமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த அம்மா விஷயத்தில் இது ஒன்றே போதுமாயிருந்திருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பார்கள். வேகம் சரி, ஆனால் எந்த வரி மாறியது என்று முதலில் யாராவது அதற்குச் சொல்லணுமே!

நீங்கள் ஒன்று செய்யலாம். கட்டணம், கெடு தேதி, ஆவணப் பட்டியல் இவற்றில் சந்தேகம் வந்தால், செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றி அதே பக்கத்தைப் பாருங்கள். படிக்கச் சிரமமென்றால் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எண்களை ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலியின் பதிப்பு எண்ணோடு உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அந்த எண் இருந்தால்தான் எந்தக் கோப்பு பின்தங்கியது என்று எங்களால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.